ஓணானுக்கு மூன்று, கோழிக்கு நான்கு

கேள்வி: ஓணானுக்கும் ஆமைக்கும் மூன்றறை இதயம், பறவைக்கும் முதலைக்கும் நாலறை என்று விலங்கியல் புத்தகத்தில் படிக்கிறோம். எல்லாமே முட்டையிலிருந்து வருபவைதானே? சிலவற்றுக்கு மட்டும் அந்தக் கூடுதல் அறை எப்படி உண்டாகிறது, சார்?
– பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: ஆரம்பத்தில் வித்தியாசமே கிடையாது. எல்லாக் கருவிலும் இதயம் வெறும் குழாய்தான். கோழி முட்டையை அடைவைத்த சுமார் ஒன்றரை நாளில் அந்தக் குழாய் துடிக்கத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் முட்டையை உடைத்தால் துடிக்கும் சிவப்புப் புள்ளி வெறுங்கண்ணுக்கே தெரியும். அரிஸ்டாட்டிலே பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஓட்டில் சின்ன சன்னல் வெட்டிப் பார்த்துவிட்டு, டேப் ஒட்டி மறுபடி இன்குபேட்டரில் வைத்துவிடலாம். ஆய்வகங்களில் கோழி முட்டைக்கு இன்றும் மவுசு குறையாததற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

பிறகு குழாய் வளைந்து, மடங்கி, அறைகளாக உப்புகிறது. கீழறைக்கு நடுவே சுவர் எழும்புமா என்பதில்தான் ஓணானும் கோழியும் பிரிகின்றன. டிபிஎக்ஸ்5 என்ற மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சான்பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பெனுவா புரூனோவின் குழு 2009-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கியது. கோழி, சுண்டெலிக் கருக்களில் இந்த மரபணு இடது கீழறையில் மும்முரமாக வேலை செய்யும். வலப்பக்கம் வந்ததும் சட்டென்று அடங்கிவிடும். சுவர் எழும்புவது அந்த எல்லையில். ஓணானுக்குத் தூரத்து உறவான பச்சை அனோல் பல்லியில் கீழறை முழுக்க ஒரே சீராக இருக்கிறது. எல்லையும் இல்லை, சுவரும் இல்லை. ஆமை நடுவில் நிற்கிறது. முதலில் பல்லியைப் போல. வளர வளர இடப்பக்கம் கூடி, வலப்பக்கம் மெல்லக் குறைகிறது. சுவரும் அரைகுறைதான்.

சுண்டெலியில் அவர்கள் செய்து பார்த்தது இன்னும் சுவையானது. கீழறையில் இந்த மரபணுவை நீக்கினாலும் சுவர் வரவில்லை. எல்லா இடத்திலும் சமமாகப் பரப்பினாலும் வரவில்லை! ஆக, எல்லை தெளிவாக விழுந்தால்தான் சுவர். மனிதரில் இதே மரபணு பழுதானால் ஹோல்ட்-ஓரம் நோய் வருகிறது: இதயச் சுவரில் ஓட்டை, கூடவே கட்டைவிரலிலும் கையிலும் குறை.

இதனால் ஆமையின் இதயத்தை அரைகுறை வேலை என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீருக்கடியில் மூச்சடக்கி இருக்கும்போது நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து உடம்புக்கே திருப்பிவிட அந்த அமைப்பு உதவுகிறது.

முதலைக்குச் சுவர் முழுசாகவே உண்டு. ஆனால் அதன் இரண்டு பெருந்தமனிகளில் ஒன்று வலது கீழறையிலிருந்து கிளம்புகிறது. இதயத்தை விட்டு வெளியே வந்ததும் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் துவாரம். பானிஸா துளை என்பார்கள். பரீட்சையில் ‘நாலறை’ என்றே எழுதுங்கள். படம் போடச் சொன்னால் அந்தத் துளையையும் சேர்த்துப் போடுங்கள்.