காற்றுக்கு முகம் கொடுக்கும் கரை

ராஜபாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று மாத காலம் பிரயாசைப்பட்டு, ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட ரேடியோ கிளைடர் ஒன்றைப் பால்ஸா மரத்தாலும் தெர்மோகோலாலும் நீயே கட்டி முடித்துவிட்டாய் என்றும், ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே மேற்கு மலை முழுவதும் கண்ணுக்குத் தெரிவதால், ஆடி பிறந்ததும் செண்பகத்தோப்புப் பக்கத்து அடிவாரத்துக்குப் போய் அதை முதன்முதலாகப் பறக்கவிட உத்தேசித்திருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். கட்டி முடித்ததைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். உத்தேசத்தைப் படித்துக் கவலைப்பட்டேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த அடிவாரத்துக் காடு நம்முடைய விளையாட்டுக்கு உரியதல்ல. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பிரதேசம் அது. வன எல்லைக்குள் எதையும் பறக்கவிடக் கூடாது; இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. மற்ற இடங்களிலும், 2021-இன் டிரோன் விதிகளின்படி எந்தப் பகுதி சிவப்பு, எந்தப் பகுதி பச்சை என்று வரைபடத்தில் பார்த்த பிறகே ரேடியோவைக் கையில் எடுக்க வேண்டும்.

ஆனால் சட்டம் தடுக்காவிட்டாலும் உன்னை நான் தடுத்திருப்பேன். எஞ்சின் இல்லாத விமானம் எப்போதும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும் உன் கிளைடர், 12 மீட்டர் முன்னேறுவதற்குள் 1 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக அது தரையை நோக்கிப் போகிறது என்று அர்த்தம். காற்று ஒரு சரிவில் மோதி, வேறு வழியில்லாமல் மேல்நோக்கித் திரும்பும் இடத்தில், அந்த முக்கால் மீட்டரை விடச் சற்று வேகமாகக் காற்று எழும்பினால், விழுந்துகொண்டே இருக்கும் விமானம் நம் கண்ணுக்கு விழாமல் நிற்கிறது. ஆகவே நாம் தேட வேண்டியது மலையை அல்ல, வீசுகிற காற்று வந்து மோதுகிற முகத்தை. இந்த வித்தியாசத்தை அறிந்துகொள்ள எனக்கு ஒரு கிளைடர் செலவாயிற்று.

ஆனியிலும் ஆடியிலும் நம் பக்கம் வீசுவது கோடைக் காற்று, அதாவது மேல்காற்று. அது அரபிக் கடலிலிருந்து வந்து மலையாளச் சரிவில் ஏறி, மழையை அங்கே பெய்துவிட்டு, முகட்டைத் தாண்டி நம் பக்கத்தில் இறங்குகிறது. கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் விழும்போது பார்த்திருப்பாய்: மேலே கண்ணாடிபோல் வழுவழுப்பாக வரும் நீர், விழுந்த இடத்தில் சுழன்று, புரண்டு, சில இடங்களில் பின்னோக்கியும் ஓடும். முகட்டைத் தாண்டி விழும் காற்றும் அப்படித்தான். அது கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றே. வெகு காலத்துக்கு முன்பு, அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியில், வன எல்லைக்கு வெகுவாக இப்பால், இந்த விஷயம் தெரியாமல் என் கிளைடரை வீசினேன். முப்பது மீட்டர் அழகாகப் போனது. பிறகு யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்கியதுபோல், மூக்கு நிமிர்ந்திருக்கும்போதே, முழு உடம்போடு கீழே இறங்கியது. ரேடியோவின் குச்சியை எந்தப் பக்கம் தள்ளியும் பயனில்லை. மாந்தோப்பில் இறக்கை இரண்டாக ஒடிந்து கிடந்ததை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் ஊர் திரும்பும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முகட்டுக்குப் பின்புறத்துக் கொந்தளிப்பிலும் அதற்கு மேலே ஓடும் வேகக் காற்றிலும் மாறி மாறி நுழைந்து, அந்த வேக வித்தியாசத்தையே உணவாகக் கொண்டு பறக்கும் வித்தை ஒன்று உண்டு. எஞ்சினே இல்லாத மாடல் ஒன்று 2021-இல் கலிபோர்னியாவில் மணிக்கு 548 மைல் வேகத்தைத் தொட்டது அந்த முறையில்தான். அது பல வருஷ அப்பியாசமும் கரிநாரால் ஆன உடலும் வேண்டுகிற வித்தை. அதைப் படித்து ஆச்சரியப்படு. தெர்மோகோல் இறக்கையோடு அதன் பக்கம் போகாதே.

அப்படியானால் எங்கே போவது? நம் ஊர்களின் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்கிறது. மலையிலிருந்து வரும் நீரைத் தடுக்க வேண்டி, நம் முன்னோர்கள் கண்மாய்களின் கரையைப் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் எழுப்பியிருக்கிறார்கள். அதனால் கரையின் உட்சரிவு மேற்கே பார்த்து நிற்கிறது. ஆடியில் பெரும்பாலான கண்மாய்கள் வறண்டு, உள்வாய் வெறும் கட்டாந்தரையாகக் கிடக்கும்போது, கோடைக் காற்று அந்த வெளியில் தடையில்லாமல் ஓடி வந்து, அலைக்கு அணையாகக் கல் பாவிய அந்தச் சரிவில் நேராக மோதி மேலே திரும்புகிறது. தண்ணீருக்காகக் கட்டிய கரை, தண்ணீர் இல்லாத காலத்தில் காற்றுக்கு முகம் கொடுக்கிறது! இதை முதன்முதலாகக் கண்டுகொண்ட மாலையில் எனக்கு உண்டான ஆனந்தத்தை இப்போதும் எழுத்தில் சொல்ல முடியவில்லை. ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்ற மகான், எந்தத் திசைக் காற்றையும் எதிர்கொள்ள ஏதுவாக, பெர்லினுக்குப் பக்கத்தில் 15 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவமான மண்குன்று ஒன்றை 1894-இல் தம் முயற்சியாலேயே எழுப்பி, அதன் உச்சியிலிருந்து காற்றில் பாய்ந்து பழகினார். நமக்கு ஊருக்கு ஊர் கரை எழுப்பியே கிடக்கிறது.

உயரம் குறைவு என்று எண்ணாதே. கரைக்கு மேல் ஐந்தாறு மீட்டர்வரைதான் காற்றின் ஏற்றம் இருக்கும். பழகுகிறவனுக்கு அதுவே பாதுகாப்பு. சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்களை விட்டு, உள்வாய் திறந்து கிடக்கும் ஒன்றைத் தேர்ந்துகொள். மின்கம்பி ஓடும் கரை வேண்டவே வேண்டாம். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியில் ஒரு விரல் அகலம், ஒரு முழ நீளம் கிழித்து, மூங்கில் குச்சியின் நுனியில் கட்டிக் கரையில் ஊன்று. அந்த மெல்லிய துணி நிலத்துக்குச் சமமாக நீண்டு, நுனி மட்டும் சற்று மேல்நோக்கித் துடித்தால் காற்று ஏறுகிறது. சுருண்டு குச்சியைச் சுற்றினால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். விமானம் இல்லாமல் ஒரு வாரம் இதை மட்டுமே பார்த்துவிட்டு வா என்றால் உனக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன்.

பறக்கவிடும் அன்று, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பாகத்துக்கும் மூன்றில் ஒரு பாகத்துக்கும் நடுவே இரு விரல் நுனிகளை வைத்துத் தூக்கிப் பார். வால் தாழ்ந்தால் மூக்கில் ஈயம் சேர். பார்வைக்கு அழகாக இல்லையே என்று யோசிக்காதே. ரேடியோவை உயிர்ப்பித்து, வலது பக்கம் குச்சியைத் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலே எழுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். காற்றுக்கு நேர்முகமாக, மூக்கு இம்மி தாழ்ந்த நிலையில், ஈட்டி எறிவதுபோல் நேராக விடு. திரும்பும்போதெல்லாம் கரைக்கு எதிர்ப்புறமாக, காற்றை நோக்கியே திரும்ப வேண்டும். கரையை நோக்கித் திரும்பினால் காற்று உன் விமானத்தைக் கரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிடும். விமானம் உன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, அது நிமிர்ந்துவிடும்.

தனியாக மட்டும் போகாதே. பறக்கவிடுகிறவனுடைய கண் ஆகாயத்தில் இருக்கும். ஆகவே தரையைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். எங்கள் சிநேகிதர் ஒருவர், பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தாம் ஒருநாளும் ரேடியோவைத் தொட்டதில்லை. ஆனால் பத்து வருஷமாக என் இடப்பக்கத்தில் நின்று, "கிடை வருது, கிழக்கே தள்ளி இறக்கு" என்றும், "பிள்ளைங்க ஓடி வர்றாங்க, உசரத்திலேயே வை" என்றும் சொல்லி வருகிறார். அவர் இல்லாத நாளில் நான் பறக்கவிடுவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து பறக்கவிட்டால், இறங்கப் போகிறவன் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வழி விட வேண்டும். எதிரெதிரே வந்தால், சரிவு எவனுக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவனுக்கே வழி.

இந்தச் சிறு கரையில் கை பழகிய பிறகு, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லத்துப் பக்கம் உன்னை அழைத்துப் போக எனக்கு ஆசை. வர்க்கலையில் கடலுக்கு நேர்மேலே சிவந்த செங்குத்து எழுந்து நிற்கிறது. மரமோ வீடோ குறுக்கிடாமல் அரபிக் கடலின்மேல் ஓடி வரும் காற்று அதில் மோதி எழும்புகிறது. ஜன நடமாட்டத்துக்கு வெகுவாக வடக்கே தள்ளி, ஒரு முறை நாங்கள் நால்வர் நின்று பறக்கவிட்டோம். குச்சியைத் தொடாமலேயே என் கிளைடர், பக்கத்தில் நின்ற ஒரு பருந்தோடு, ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றது. பருந்து தலையை மட்டும் திருப்பி அதைப் பார்த்தது. நம் ஆடிக் காற்று மலையில் ஏறுவதற்கு முன்னால் எப்படி இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் அங்கும் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் காற்று புரள்கிறது. இறக்கும்போது எங்கள் நால்வரில் ஒருவருடைய வால் ஒடிந்தது. விளிம்பு மண் உதிரக்கூடியது. கீழே மணலில் மனிதர்கள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் வீசவும் கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி சுமாருக்கு ராஜபாளையம் வந்து சேர். சிநேகிதரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பேட்டரியை முந்தின இரவே சார்ஜ் செய்துவிடு, ஈயத்தை மறக்காதே. துணியும் குச்சியும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்