பழைய கார் பேட்டரிக்கு மறுபடியும் உயிர் வருமா?

மாணவர்களே, சென்ற பள்ளி விடுமுறையில் என் படிவம் 4 மாணவன் ஒருவன் தெலுக் இந்தானில் உள்ள பழைய இரும்புக் கடையில் 20 ரிங்கிட் கொடுத்து ஒரு கார் பேட்டரியை வாங்கி வந்தான். லங்காப் பக்கம் இருக்கும் அவன் பாட்டி வீட்டில் மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் தடைபடும். "சார், இதை மறுபடியும் ஓட வைத்தால் பாட்டி வீட்டுக்கு ஒரு விளக்காவது எரியும்" என்றான். மேலே தூசி, முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த உப்பு. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். 11.4 வோல்ட்.

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் தோட்டத்து லயங்களில் நாள் முழுதும் மின்சாரம் கிடைக்காத காலத்தில், பலர் கார் பேட்டரியில்தான் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்தார்கள். சார்ஜ் தீர்ந்ததும் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் ஏற்றி வருவார்கள். படம் பாதியில் சுருங்கி அணைந்துபோன கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும்.

இந்தப் பேட்டரியை 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளான்தே கண்டுபிடித்தார். இன்றைய மைவியிலும் அதே வேதியியல்தான் ஓடுகிறது. பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடு, ஈய ஈராக்சைடு பூசிய தகடு, இரண்டையும் மூழ்கடிக்கும் நீர்த்த கந்தக அமிலம். (உங்கள் மலாய்ப் பாடநூலில் ஈயத்துக்கு 'பிளம்பும்' என்று இருக்கும். அதன் குறியீடு பிறந்ததும் அந்த இலத்தீன் சொல்லிலிருந்துதான்.) ஓர் அறை சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் தொடரிணைப்பில் இருப்பதால் 12.6 வோல்ட்.

மின்சாரம் வெளியேறும்போது நடப்பது இது:

ஈயம் + ஈய ஈராக்சைடு + கந்தக அமிலம் → ஈய சல்பேட் + நீர்

இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் குறைந்து நீர் கூடுகிறது. சார்ஜ் ஏற்றினால் இதே வினை பின்னோக்கி நடக்கும். அப்படியானால் பேட்டரி ஏன் சாகிறது? புதிதாகப் படிந்த ஈய சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும்; எளிதில் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த நுண்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி இறுகிவிடும். பெரிய கற்கண்டு தேநீரில் கரைய மறுப்பது போலத்தான். இதைச் சல்பேட் இறுக்கம் எனலாம். நம் ஊர் வெயிலில் பேட்டரி சும்மா கிடந்தாலே சார்ஜ் வேகமாக இறங்கும். அதனால் வீட்டு வாசலில் ஆறு மாதம் ஓடாமல் நிற்கும் காரின் பேட்டரி, தினமும் ஓடும் காரின் பேட்டரியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

இனி என் மாணவனின் பேட்டரி. முதலில் பெட்டியைச் சுற்றிப் பார்த்தோம். விரிசலோ வீக்கமோ இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். மூடி திறக்க முடியாத, பராமரிப்பு தேவையில்லாத வகையாக இருந்தாலும் நெம்பித் திறக்க விட்டிருக்க மாட்டேன். இதில் திருகு மூடிகள் இருந்தன. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு திறந்தோம். மூன்று அறைகளில் தகடுகள் நீருக்கு மேலே தெரிந்தன. தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் ஊற்றினோம். குழாய் நீர் கூடாது. அதில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலமும் ஊற்றக்கூடாது. காணாமல் போன அமிலம் எங்கும் போய்விடவில்லை, சல்பேட்டாகத் தகட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேட்டரியின் மேல் 45 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தது. வழக்கமாக அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4.5 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றலாம். இறுகிய படிகங்கள் மெல்லத்தான் கரையும் என்பதால் 2 ஆம்பியர் சார்ஜரைப் போட்டு இரண்டு நாள் விட்டோம். என் வீட்டின் பின்புறத் திறந்த ஐந்தடியில்தான் வைத்தோம், அறைக்குள் அல்ல. காரணம், சார்ஜ் நிறையும் கட்டத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிடும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு சிறு பொறி போதும், வெடிக்கும். வெடித்தால் பறப்பது அமிலம். ஆகவே சார்ஜரின் கவ்விகளை முதலில் மாட்டி, பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். பெட்டி கை வைக்க முடியாத அளவு சுட்டால் நிறுத்திவிட வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதில் எதையும் தொடாதீர்கள்.

மூன்றாம் நாள் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையின் ஒப்படர்த்தியைப் பார்த்தோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஐந்து அறைகள் 1.22 காட்டின, ஓர் அறை மட்டும் 1.19. முழுச் சார்ஜில் சுமார் 1.26 இருக்க வேண்டும். ஒப்படர்த்தியுடன் 0.84ஐக் கூட்டினால் அந்த அறையின் வோல்ட் தோராயமாகக் கிடைக்கும். நீங்களே கணக்கிடுங்கள்: ஐந்து அறைகள் 2.06 வீதம், ஓர் அறை 2.03. மொத்தம் 12.33 வோல்ட். ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு மல்டிமீட்டர் 12.3 காட்டியது! மாணவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓர் அறை முற்றிலும் செத்திருந்தால் மொத்தம் 10.5 வோல்ட் பக்கம் நின்றிருக்கும். அதற்கு எந்த வைத்தியமும் இல்லை.

எப்சம் உப்பைப் போட்டால் பேட்டரி பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். உப்பு கரைந்தால் திரவத்தின் அடர்த்தி கூடும், ஹைட்ரோமீட்டரும் நல்ல எண்ணைக் காட்டும். அது காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரை ஐஸில் வைப்பது போல.

வோல்ட் நன்றாக இருப்பதால் மட்டும் கொள்ளளவு திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. காரின் சிக்னல் விளக்கு, 21 வாட், ஒன்றை மாட்டினோம். 21ஐ 12ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர். புதுப் பேட்டரி என்றால் ஒரு நாளைக்கு மேல் எரிய வேண்டும். இது 10.5 வோல்ட்டுக்கு இறங்க 8 மணி நேரம்தான் ஆனது. 8 × 1.75 = 14 ஆம்பியர் மணி. 45இல் 14, அதாவது 31 விழுக்காடு. காரைக் கிளப்ப இதை நம்ப முடியாது. மாணவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் பாட்டி கேட்டது கார் அல்லவே. 5 வாட் எல்இடி விளக்குக்கு 0.42 ஆம்பியர் போதும். மீண்டும் சல்பேட் இறுகாமலிருக்கப் பாதிக் கொள்ளளவை மட்டும் பயன்படுத்துவோம்: 7ஐ 0.42ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16 மணி நேரம். இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால் நான்கு இரவுகள். பேட்டரியை உடனே மறுபடி சார்ஜ் ஏற்றி, நேர்முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். பலவீனமான பேட்டரிகூடக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் கம்பியைச் சிவக்கப் பழுக்க வைத்துவிடும். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவது அவன் பொறுப்பு.

இதுவும் ஒருநாள் முடியும். அப்போது ஈயத்துக்காக உடைத்து உருக்கலாம் என்று யாராவது சொன்னால் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரின் புறநகரில் நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே பழைய பேட்டரிகளை வீடுகளுக்கு நடுவே உடைத்து ஈயம் எடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். மண்ணிலும் தூசியிலும் கலந்த ஈயம்தான் காரணம் என்று தெரியவந்தது. மலேசியாவில் பழைய ஈய அமிலப் பேட்டரி, 2005ஆம் ஆண்டு விதிமுறையின்படி எஸ்டபிள்யூ 102 என்ற எண் கொண்ட அட்டவணைக் கழிவு. புதுப் பேட்டரி வாங்கும் வொர்க்ஷாப்பில் பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்; அங்கிருந்து அது உரிமம் பெற்ற ஆலைக்குப் போகும்.

போன வாரம் பாட்டி வீட்டில் இரண்டு இரவு மின்சாரம் இல்லையாம். விளக்கு எரிந்ததாம். மூன்றாம் நாள் காலை வோல்ட் 12.1 என்று மாணவன் எனக்குச் செய்தி அனுப்பினான். ஓர் அறைக்கு எவ்வளவு, ஒப்படர்த்தி எவ்வளவு இருக்கும் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள்.