மண்ணுக்குள் ஒளிந்த வெடியும் சுபேதார் சுப்பிரமணியனும்



இந்த மாதக் கையெழுத்துப் பத்திரிகைக்கு "வீரம்" என்ற தலைப்பைத் தமிழ் ஐயா கொடுத்தார். எல்லோரும் கட்டபொம்மன், ஜான்சி ராணி என்று எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வேறு மாதிரி ஒரு வீரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் தமிழ்நாட்டுக்காரர். பேர் எடுத்தது வாள் வீசியோ துப்பாக்கி சுட்டோ இல்லை. மண்ணுக்குள் புதைத்து வைத்த வெடியைத் தேடி எடுக்கும் வேலையில் பேர் எடுத்தவர். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தம்பி கொண்டு வந்த குழாய்

நம் ஊரைச் சுற்றிக் கல் குவாரி இருப்பது எல்லோருக்கும் தெரியும். என் அப்பா ஒரு குவாரியில் குழி போடும் வேலை பார்க்கிறார். போன பொங்கல் லீவில் என் தம்பி (நாலாம் வகுப்பு) ஆடு மேய்க்கப் போன இடத்திலிருந்து ஒரு பொருளைக் கொண்டு வந்தான். விரல் நீளத்தில் வெள்ளிக் கலரில் ஒரு குழாய். அதில் இரண்டு ஒயர். "அக்கா, இதுல பேட்டரி வச்சா பல்பு எரியும் பாரு" என்று சொல்லி, அப்பாவின் டார்ச் லைட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

எனக்கும் அது என்னவென்று தெரியாது. பேட்டரியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அதை நினைத்தால் இன்னிக்கும் எனக்குக் கை நடுங்கும்.

அந்த நேரம் அப்பா உள்ளே வந்தார். அவர் கத்தவே இல்லை. ஓடி வந்து பிடுங்கவும் இல்லை. மெதுவாக, "தம்பி, ஆடாம நில்லு. பேட்டரியை அக்காகிட்ட குடு. கையில உள்ளத மெதுவா திண்ணையில வையி. வச்சிட்டு எங்கிட்ட வா" என்றார். அவன் வந்ததும் எங்கள் எல்லோரையும், அப்பத்தாவையும் சேர்த்து, தெருக்கோடிக்கு அனுப்பினார். பிறகு குவாரியில் லைசென்ஸ் வைத்து வெடி வைக்கும் மாமாவைக் கூட்டி வந்தார்.

மாமா முதலில் செய்தது, அந்த இரண்டு ஒயர் நுனியையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கியது. அப்படி முறுக்கிவிட்டால் தப்பித் தவறி மின்சாரம் உள்ளே போகாதாம். பிறகு அதை மரப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். அதன் பேர் கேப். புத்தகத்தில் டெட்டனேட்டர் என்று போட்டிருக்கும். பெரிய வெடியைக் கிளப்பி விடும் சின்ன வெடி அது. டார்ச் பேட்டரி மின்சாரமே அதற்குப் போதும். தம்பியின் விரல்கள் போயிருக்கும், எங்கள் கண்ணும் போயிருக்கும் என்று மாமா சொன்னார்.

"மாமா, உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன். "பயம் இல்லாதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது பாப்பா. வெடிக்காமப் போன குழியை அவசரப்பட்டு எட்டிப் பார்த்தவன்தான் செத்தான். அந்தக் குழியைத் தோண்டவும் கூடாது. காத்திருந்து, பக்கத்துல வேற குழி போட்டுத்தான் அதை வெடிக்க வைக்கணும்" என்றார்.

அன்று ராத்திரி எனக்கு ஒரு கேள்வி வந்தது. குவாரியில் வெடி எங்கே இருக்கிறது என்று வைத்தவருக்குத் தெரியும். போர்க்களத்தில் எதிரி புதைத்துவிட்டுப் போன வெடியை யார் எடுப்பார்கள்? எப்படி எடுப்பார்கள்? எங்கள் தெருவில் பெங்களூர் மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்து ரிட்டயர் ஆன தாத்தா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இனி எழுதுகிறேன்.

சாப்பர் என்றால் யார்?

படைக்குப் பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடியை அகற்றுவது எல்லாம் பொறியியல் படையின் வேலை. அவர்களைச் சாப்பர் என்பார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படை 1780-ல் ஆரம்பித்தது. அதன் தலைமையிடம் பெங்களூரில் அல்சூர் ஏரி பக்கம் இருக்கிறது. அந்தப் படை வீரர்களை ராணுவத்தில் செல்லமாகத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்களாம். வடநாட்டு அதிகாரியும் "தம்பி" என்றுதான் சொல்வாராம்! தாத்தா இதைச் சொல்லும்போது அவர் மீசை தானாக மேலே போனது.

கண்ணிவெடியை எப்படித் தேடுவார்கள்?

கண்ணிவெடியில் முக்கியமாக இரண்டு வகை.

1. வண்டிகளுக்கு வைப்பது. டாங்கி, லாரி மாதிரி பாரம் ஏறினால் வெடிக்கும்.

2. மனிதனுக்கு வைப்பது. கால் பட்டாலே போதும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வைத்த ஒரு வகை மிகவும் கொடுமையானது. மிதித்ததும் முதலில் சின்னதாக ஒரு சத்தம் வரும். நான்கு வினாடி போல ஆனதும் உள்ளே இருக்கும் டப்பா மண்ணிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் குதிக்கும். அங்கே வெடித்து, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளைச் சுற்றிலும் வீசும். மிதித்தவர் மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்பவர்களும் சாகலாம்.

இதைத் தேட ஒரு கருவி உண்டு. நீளக் கம்பி நுனியில் தட்டு மாதிரி இருக்கும். காதில் ஹெட்போன். இரும்பு இருந்தால் சத்தம் மாறும். போலந்து நாட்டுப் பொறியாளர் யூசெப் கொசாட்ஸ்கி என்பவர் போர்க் காலத்தில் இதைச் செய்தார். 1942-ல் எகிப்தில் எல் அலமெய்ன் போரில் இது பயன்பட்டது.

ஆனால் கருவிக்கு வெடி எது, ஆணி எது என்று தெரியாது. லாடம் கிடந்தாலும் கத்தும், குண்டுச் சிதறல் கிடந்தாலும் கத்தும். கத்துகிற இடம் எல்லாம் வெடி என்று நினைத்துத்தான் தோண்ட வேண்டும். தொண்ணூற்று ஒன்பது தடவை ஆணி வந்தாலும் நூறாவது தடவை சலிப்பு வரக்கூடாது. அதோடு ஜெர்மானியர் மரப்பெட்டியில் செய்த வெடியும் புதைத்தார்கள். அதற்குக் கருவி கத்துவதே அரிது!

அப்போது என்ன செய்வது? குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்க்க வேண்டும். ஏன் சாய்வாக? நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், வெடித்துவிடும். சாய்வாகக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். தாத்தா எங்கள் வாசலில் ஒரு தென்னை ஈர்க்கை வைத்துச் செய்து காட்டினார். ஒரு முழம் இடம் பார்ப்பதற்குள் எனக்கு இடுப்பு வலித்துவிட்டது. பார்த்து முடித்த இடத்தில் வெள்ளை நாடா போட்டுக்கொண்டே போவார்கள். அந்த நாடாவை நம்பித்தான் பின்னால் படை வரும்.

சுபேதார் சுப்பிரமணியன்

இவர் காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கம் கிராமத்தில் பிறந்தவர். மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து சுபேதார் ஆனார். இரண்டாம் உலகப் போரில் நான்காவது இந்திய டிவிஷனோடு இத்தாலி நாட்டுக்குப் போனார்.

1944 பிப்ரவரி மாதம். மோன்டே கசினோ என்ற மலையைப் பிடிக்கப் பெரிய சண்டை. அந்த மலைக்குத் தென்கிழக்கே மின்யானோ என்ற ஊர் இருக்கிறது. பிப்ரவரி 24 அன்று சுபேதாரும் அவருடைய ஆட்களும் அங்கே கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தார்கள். அப்போது கூட இருந்த ஒருவரின் காலடியில் ஒரு வெடி கிளம்பிவிட்டது.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கிளம்பிவிட்ட வெடியை அணைக்க முடியாது. ஓடலாம், படுக்கலாம். வெடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் திகைத்து நிற்பார். சுபேதாருக்கு அதைப் பற்றி எல்லாம் தெரியும். தெரிந்துதான் அவர் அந்த வெடி மேல் பாய்ந்து விழுந்தார். அதன் முழு வேகத்தையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். அவர் இறந்துபோனார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அதே வருடம் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அறிவித்தார்கள். எதிரி நேராக முன்னால் நிற்காத இடத்தில் காட்டும் பெரிய வீரத்துக்காக, 1940-ல் ஏற்படுத்திய பதக்கம் அது. வெடிக்காத குண்டுகளை எடுத்த பலருக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொருவர்: பிரேமீந்திர சிங் பகத்

இவர் பம்பாய் சாப்பர்ஸ் படையில் செகண்ட் லெப்டினன்ட். வயது 22. 1941-ல் சூடான், எத்தியோப்பியா எல்லையில் இத்தாலியப் படை பின்வாங்கிப் போகும் வழி எல்லாம் வெடி புதைத்துவிட்டுப் போனது. பகத் முதல் வண்டியில் உட்கார்ந்து வழியைச் சுத்தம் செய்துகொண்டே போனார். நான்கு நாள். 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போய் பாதிக்கு மேல் திரும்பி வருகிற தூரம். விடிந்தது முதல் பொழுது சாயும் வரை வேலை. 15 இடத்தில் கண்ணிவெடி வயல்களைக் கண்டுபிடித்து அகற்ற வைத்தார்.

இரண்டு தடவை அவர் வண்டியே வெடியில் சிக்கியது. ஒரு காதின் சவ்வு கிழிந்தது. "போதும், வேறு ஆள் வரட்டும்" என்று சொன்னபோது அவர் மறுத்தார். இத்தனை நாள் செய்ததில் வேலை நன்றாகப் பிடிபட்டுவிட்டது, அதனால் முடிக்கும் வரை நானே செய்வதுதான் சரி என்பது அவர் சொன்ன காரணம். இவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அதைப் பெற்ற முதல் இந்திய அதிகாரி இவர். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்தார்.

போர் முடிந்தாலும் வெடி முடியாது

நம் மாவட்டத்து ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கே போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் வெடிக்குப் போர் முடிந்தது தெரியாதே! தோப்புக்கொல்லை முகாமில் இருக்கும் என் தோழி இதை "மிதிவெடி" என்றுதான் சொல்வாள். அவளுடைய பெரியம்மாவின் வயலில் மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை இருந்ததால், போர் முடிந்து பல வருடம் கழித்துத்தான் அவர்களால் அதில் கால் வைக்க முடிந்ததாம்.

அங்கே முகமாலை என்ற இடத்தில் வெடி மிக நெருக்கமாகப் புதைந்திருந்தது. அதை எடுக்கும் வேலையில் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. முகத்துக்கு மூடி, நெஞ்சுக்குக் கவசம் போட்டு, வெயிலில் மண்டியிட்டு, சாண் சாணாக மண்ணைச் சுரண்டுகிறார்கள். அதில் வரும் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். மனிதனுக்கு வைக்கும் கண்ணிவெடியே கூடாது என்று 1997-ல் ஒட்டாவா நகரின் பேரில் ஓர் ஒப்பந்தம் வந்தது. இலங்கை 2017-ல் அதில் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை.

நான் கற்றுக்கொண்டது

வீரம் என்றால் பயப்படாமல் பாய்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சுபேதார் ஒரே ஒரு தடவைதான் பாய்ந்தார். அதற்கு முன்னால் எத்தனையோ நாள் அடி அடியாக, பொறுமையாக மண்ணைப் பார்த்தார். அதுவும் வீரம்தான். நாடாவை நம்பிப் பின்னால் வருகிறவன் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவனுக்காகத்தான் பார்த்தார். அன்று எங்கள் வீட்டில் குரலை உயர்த்தாமல் பேசிய அப்பாவும் எனக்கு வீரராகத்தான் தெரிகிறார்.

நாம் செய்ய வேண்டியது

* குவாரி, ஓடை, காட்டுப் பக்கம் ஒயர் உள்ள குழாய், தோட்டா, திரி எது கிடந்தாலும் தொடாதே.
* கல்லால் அடிக்காதே. தீயில் போடாதே. பேட்டரி வைக்காதே.
* பார்த்த இடத்துக்குச் சின்னப் பிள்ளைகளைப் போக விடாதே. அடையாளம் நினைவில் வைத்துக்கொள்.
* உடனே அப்பா, அம்மா, ஆசிரியர், போலீஸ் யாரிடமாவது சொல். திட்டுவார்கள் என்று பயந்து ஒளித்து வைக்காதே. திட்டினால் வலிக்காது, வெடித்தால் விரல் போகும்.

சிந்தித்து விடை சொல்லுங்கள்

1. கத்தியை ஏன் சாய்வாகக் குத்துகிறார்கள்?
2. கருவி இருந்தும் மரப்பெட்டி வெடி ஏன் ஆபத்து?
3. மாமா இரண்டு ஒயரையும் ஏன் முறுக்கினார்?

(விடைகள் கட்டுரையிலேயே இருக்கின்றன. தெரியாதவர்கள் மறுபடி படிக்கவும்!)

பின்குறிப்பு: என் தம்பி இப்போது எது கிடந்தாலும் எடுப்பதில்லை. போன வாரம் வழியில் கிடந்த ஒரு பேனா மூடியைக்கூடத் தொடாமல் ஓடி வந்து, "அக்கா, ஒரு சாமான் கிடக்கு, வந்து பாரு" என்றான். நான் சிரிக்கவில்லை. போய்ப் பார்த்தேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி,
புதுக்கோட்டை மாவட்டம்.