வண்டுக் காரும் அதன் பிரேக்கும்

காற்றினால் குளிரும் எஞ்சினைப் பின்புறத்தில் சுமக்கும் பழைய வோக்ஸ்வாகன் வண்டுக் காரை வைத்திருப்பவர், அதன் வேகத்தை உயர்த்த எண்ணுமுன் அதை நிறுத்தும் சக்தியைப் பற்றிச் சிந்திப்பதே விவேகம். 1960-களின் மத்தி வரை வந்த வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்று இருந்தமையால், ஒரு குழாய் வெடித்தாலும் பெடல் வீணே தரையைத் தொட்டுவிடும். ஆகையால், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்த ஆசைப்படுவோர் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் கூடவே அமைத்துக்கொள்வது உத்தமம். அதுவும் டிஸ்க்குக்கு உரியதாகவே இருத்தல் அவசியம். டிரம் பிரேக்குக்கான பழைய சிலிண்டரில், குழாயினுள் சிறிது அழுத்தத்தைச் சதா தேக்கிவைக்கும் வால்வு ஒன்று உண்டாதலால், டிஸ்க்கோடு அதைச் சேர்த்தால் பேடுகள் விலகாமல் உரசிச் சக்கரம் அடுப்பாய்க் கொதிக்கும்.

இத்தனை செலவு எதற்கு என்போருக்கு ஒரு வார்த்தை: செவ்வனே திருத்திவைத்த டிரம்களே சாதாரணப் பிரயாணத்துக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். வெளிப்பார்வைக்கு நன்றாயிருக்கும் பழைய ரப்பர்க் குழாய்கள் உள்ளே வீங்கி ஆயில் திரும்பும் வழியை அடைத்திருக்கலாம்; யோசியாமல் மாற்றிவிடுங்கள். சாதாரண பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. இரண்டு வருஷத்துக்கொரு முறை புதிதாக ஊற்றுங்கள். ஊற்றும்போது சிந்தினால் பெயின்டை அரித்துவிடும். உடனே தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.