உருளைக்கிழங்கை வீட்டில் கெடாமல் வைத்திருக்கும் முறை

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் செழித்து விளைகின்றன. உருளைக்கிழங்கோ அங்கு விளைவதற்கு உரிய பயிரன்று. இரவின் உஷ்ணம் 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால்தான் அது மண்ணுக்குள் நன்றாகத் திரளும். ஆகையால் அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்களில் சமைக்கப்படும் உருளைக்கிழங்கு வெளியூர்களிலிருந்தே வருகின்றது. நீலகிரியில் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருவது ஒரு வகை. வடநாட்டுச் சமவெளிகளில் தை, மாசி மாதங்களில் தோண்டப்பட்டு, குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் இருந்து வருவது மற்றொரு வகை. குளிர்ந்த இடத்தில் பிறந்த பொருளை வெயில் 38 டிகிரிக்கு மேல் ஏறும் நாட்டில் காத்து வைப்பது எளிதன்று; ஆயினும் முறை அறிந்தவர்களுக்கு இயலாததும் அன்று.

விலை மலிந்த சமயத்தில் மொத்தமாக வாங்கி வைப்பது சிக்கனம் என்று குடும்பத்தினர் பலர் எண்ணுகின்றனர். இக்கணக்கைச் சற்று ஆராய வேண்டும். கிலோ 30 ரூபாய் வீதம் 10 கிலோ வாங்கினால் செலவு 300 ரூபாய். அதில் 3 கிலோ அழுகிப் போனால் உண்பதற்குக் கிடைப்பது 7 கிலோ மட்டுமே. அப்பொழுது கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 43 ரூபாய் விழுகின்றது. அதே கிழங்கை வாரந்தோறும் 35 ரூபாய்க்குச் சில்லறையாக வாங்கியவர் இவரைவிட லாபம் அடைந்தவராவார். ஆகவே மொத்தமாக வாங்குவது சிக்கனமா, நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது கடையின் விலை மட்டும் அன்று. வீட்டில் வைக்கும் முறையும் ஆகும்.

கிழங்கின் இயல்பு

உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்குள் பருத்த தண்டு. தோண்டிய பின்னும் அதற்கு உயிர் உண்டு. அது காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, தன் மாவுப்பொருளைச் செலவழித்து, உஷ்ணத்தையும் நீராவியையும் வெளிவிடுகின்றது. உஷ்ணம் ஏற ஏற இச்சுவாசம் விரைவாகின்றது. கிழங்கு எடை குறைந்து சுருங்குகின்றது. காற்றுப் புகாத இடத்தில் மிகுந்த உஷ்ணத்தில் கிடக்குமானால், வெளித்தோல் நன்றாயிருக்க உள்நடுவு கறுத்துப் போவதும் உண்டு.

அறுவடைக்குப் பின் சில வாரங்கள் கிழங்கு முளைக்காமல் உறக்க நிலையில் இருக்கும். அவ்வுறக்கம் கலைந்ததும் கண்கள் முளைவிடத் தொடங்கும். குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரி உஷ்ணத்தில் பல மாதம் இருந்த கிழங்கின் உறக்கம் பெரும்பாலும் கலைந்தே இருக்கும். வெளியே வந்து வெப்பம் பட்டதும் அது விரைவில் முளைக்கும். எனவே அத்தகைய கிழங்கை ஒரு வாரச் செலவுக்கு மேல் வாங்குதல் தகாது. புதிதாக அறுவடையான மலைக்கிழங்கே சேமித்து வைக்க ஏற்றது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் உரிந்து வரும் கிழங்கு முற்றாதது. அதை உடனே சமைத்து உண்ண வேண்டும். தோல் தடித்து, இறுகி, மண் ஒட்டியிருப்பது நெடுநாள் தாங்கும். மண்வெட்டி பட்ட காயம், நசுங்கல், ஈரம், பச்சை நிறம், கண்களின் அருகே சிறு துளையும் கரிய எச்சமும் ஆகியவை உள்ள கிழங்குகளை விலக்க வேண்டும். துளையும் எச்சமும் கிழங்கு அந்துப்பூச்சியின் புழு உள்ளே இருப்பதற்கு அடையாளம். 1906-ம் வருஷ அளவில் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு இப்பூச்சி இந்தியாவிற்குள் நுழைந்தது என்று வேளாண்மை நூல்கள் கூறும். வெப்பமான இடங்களில் சேமித்த கிழங்கிற்கு இதுவே பெருஞ்சத்துரு.

கடையிலிருந்து வந்த கிழங்கைக் கழுவுதல் கூடாது. கழுவினால் தோலின் நுண்ணிய துளைகளில் ஈரம் தங்கி அழுகல் கிருமிக்கு வழி திறக்கும். சமைக்கும் நாளில் கழுவினால் போதும். பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தால் வீட்டிற்கு வந்தவுடன் வெளியே எடுத்துவிட வேண்டும். கிழங்கு விடும் மூச்சே அப்பையில் நீர்த்துளியாகப் படிந்து அதனைக் கெடுக்கும்.

வைக்கும் இடமும் விதமும்

கிழங்கிற்கு வேண்டியவை நான்கு: இருள், குளிர்ச்சி, காற்றோட்டம், ஈரம் படியாமை. அடுப்பங்கரை பரண் உஷ்ணம் மிகுந்தது. ஆகவே அது ஏற்றதன்று. மேல்வெயில் படும் சுவரின் ஓரமும் அவ்வாறே. வீட்டின் வடபுறத்து அறையில், வெயில் படாத மூலையில், தரையோடு ஒட்டாமல் செங்கல்மேல் பலகையிட்டு வைத்தல் நலம். பனையோலைப் பெட்டியும் மூங்கிற்கூடையும் காற்றை உள்ளே விடுவன. அவற்றில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, கிழங்கை ஓரடிக்கு மிகாமல் இட்டு, மேலே சாக்கினால் மூடினால் வெளிச்சம் படாது. குவியல் உயர்ந்தால் நடுவில் உஷ்ணம் ஏறும்.

வெங்காயத்தைக் கிழங்கோடு சேர்த்து வைத்தல் ஆகாது. வெங்காயம் நன்கு உலர்ந்த காற்றை வேண்டுவது. கிழங்கு விடும் ஈரம் அதைக் கெடுக்கும்.

வாரம் ஒரு முறை பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு கிழங்காகப் பார்க்க வேண்டும். ஒன்று அழுகினால் அதன் நீர் பட்ட மற்றவையும் அழுகும். அழுகியதை வீட்டிற்கு வெளியே புதைத்து, அருகிலிருந்தவற்றை உலர்ந்த துணியால் துடைத்து, அவற்றை முதலில் சமையலுக்கு எடுக்க வேண்டும். வேறு எந்த உபாயமும் இவ்வாராந்தரப் பரிசோதனைக்கு ஈடாகாது.

சிறுகிழங்கு கற்பிக்கும் பாடம்

உருளைக்கிழங்கு வருவதற்கு முன்பே திருநெல்வேலி மக்களுக்குக் கிழங்கைக் காக்கும் வழி தெரிந்திருந்தது. 2019-ம் வருஷம் தனி ஜில்லாவாகப் பிரிந்த தென்காசியைச் சேர்ந்த பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் பகுதிகளில் சிறுகிழங்கு பயிராகின்றது. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த இக்கிழங்கு மார்கழி, தை மாதங்களில் அறுவடையாகும். பொங்கலன்று இது இல்லாத சமையல் அப்பகுதியில் அரிது. இதனை ஒட்டிய மண்ணோடு, நிழலில், உலர்ந்த மணலில் புதைத்து வைப்பது வழக்கம். சமைக்கும் நாளில்தான் நீரில் நனைத்துச் சாக்கில் தேய்த்துத் தோலுரிப்பர்.

இவ்வழக்கத்தில் ஆழ்ந்த பொருள் உண்டு. உலர்ந்த மணல் வெளிச்சத்தைத் தடுக்கின்றது. கிழங்கிற்குக் கிழங்கு அழுகல் பரவாமல் பிரிக்கின்றது. அந்துப்பூச்சி கிழங்கின்மேல் முட்டையிடாதபடி காக்கின்றது. உருளைக்கிழங்கையும் இவ்வாறே ஓர் அடுக்காகப் பரப்பி, ஓர் அங்குலக் கனத்திற்கு உலர்ந்த மணலால் மூடலாம். மணலை முன்னதாக வெயிலில் காயவைத்து, முற்றிலும் ஆறிய பின்பே உபயோகிக்க வேண்டும். மணல் கிடைக்காத இடத்தில் உண்ணிச்செடியின் உலர்ந்த தழையைப் பரப்பினாலும் பூச்சி குறையும். அத்தழை கால்நடைகளுக்கு விஷமாதலால் அவை எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரட்டைப் பானை

சித்திரை, வைகாசி வெயிலிலும், மேல்காற்று வறண்டு வீசும் ஆனி, ஆடியிலும் இம்முறை பலனளிக்கும். காருகுறிச்சி போன்ற ஊர்களில் வனையப்படும் மெருகிடாத மண்பானைகள் இதற்குப் போதும். பெரிய பானைக்குள் சிறியதொன்றை வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி, அம்மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உட்பானை குளிரும். உள்ளே வைக்கோலிட்டுக் கிழங்கை வைத்து, காற்றுப் போகும்படி முரட்டுத் துணியால் மூடுக. டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் செங்கற்சுவர் இரண்டிற்கு இடையே ஈரமணல் நிரப்பி அமைத்த குளிர் அறையும் இதே தத்துவத்தைப் பற்றியதாகும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றே ஈரமாயிருப்பதால் நீர் ஆவியாவது குறையும். பானையில் குளிர்ச்சி உண்டாகாமல் ஈரம் மட்டுமே மிஞ்சும். அக்காலத்தில் இரட்டைப் பானையை விட்டு, உலர்ந்த பெட்டியையே கையாள வேண்டும். கோடைக்குரிய முறையை மழைக்காலத்தில் கைக்கொள்வதனாலும் கிழங்கு அழுகுவதுண்டு.

குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டார் அதில் வைப்பதும் உண்டு. மிகுந்த குளிர்ச்சியில் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதால் கிழங்கு இனிக்கும். பொரித்தால் விரைவில் கருகும். குழம்பிற்கும் மசியலுக்கும் அதனால் பெரிய குறையில்லை.

பச்சைக் கிழங்கின் அபாயம்

வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். பச்சை நிறம் தீங்கற்றது. ஆயினும் அதனோடு சொலனைன் என்னும் விஷமும் பெருகியிருக்கும். முளையிலும் அதன் அடியிலும் இவ்விஷம் மிகுதி. வயிற்றுவலி, வாந்தி, பேதி ஆகியவை இதனால் உண்டாகும்; உடல் எடை குறைந்த குழந்தைகளை இது விரைவில் தாக்கும். வேகவைத்தாலும் இவ்விஷம் அழியாது என்பதைத் தாய்மார் நன்றாக மனத்திற் கொள்ள வேண்டும். சிறு முளையானால் ஆழத் தோண்டி நீக்கி, தோலைத் தடிப்பாகச் சீவிச் சமைக்கலாம். பெரும்பகுதி பச்சையானதும், சுருங்கி நீண்ட முளை விட்டதும், வாயில் கசப்பதும் எறியத்தக்கனவே. சிக்கனம் கருதி அவற்றைக் குழந்தைக்கு இடுதல் தகாது. மாட்டிற்கு வைப்பதும் நன்றன்று.

சுருக்கம்

முற்றிய கிழங்கைத் தேர்ந்தெடுத்தல், கழுவாமல் இருட்டில் வைத்தல், காற்றோட்டம் விடுதல், பருவத்திற்கேற்ற முறையைக் கையாளுதல், வாரந்தோறும் பரிசோதித்தல் ஆகிய இவ்வைந்தையும் கைக்கொண்ட வீட்டில், அறுவடைக்குப் பின் விரைவில் வந்து சேர்ந்த நல்ல கிழங்கு சில வாரங்கள் கெடாமல் இருக்கும். கோடை உச்சத்தில் அத்தனை நாள் எதிர்பார்த்தல் கூடாது; அப்பொழுது குறைவாக வாங்குவதே சிறந்த சேமிப்பாகும்.