வணிகப் பாடம்: தூளிக்குக் கொசுவலை கேட்டால்

பலசரக்குக் கடையில் கொசுவலை ஓரத்துச் சரக்குதான். மழைக்காலத்தில் நாலைந்து போகும். மற்ற மாதங்களில் பரணில் கிடக்கும். ஆனாலும் அதை விற்கும் விதத்தில் கடையின் பெயர் அடங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தோப்புக்காரர் ஒருவர் இரவுக் காவலுக்கு வலை கேட்டார். ஒற்றைக் கட்டில் வலையைக் கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தார். "அண்ணாச்சி, வலை போட்டும் முதுகெல்லாம் கடி" என்றார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர் படுப்பது இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய தூளியில். தவறு வலையில் இல்லை. கேட்காமல் கொடுத்த என்னிடம்.

கட்டிலில் மெத்தை முதுகைக் காக்கும். தூளியிலோ மெல்லிய துணி உடலை ஒட்டி இறுகி நிற்கும். கொசு கீழிருந்தே துணி வழியாகக் கடித்துவிடும். ஆகவே தோப்புக் காவலுக்கோ, மலைப் பயணத்துக்கோ வலை கேட்பவரிடம் முதல் கேள்வி, "எதில் படுப்பீர்கள்?" என்பதாகவே இருக்கட்டும். தூளி என்றால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. அமைப்பு: தலையணை உறைபோலத் தூளியை அடிப்பக்கமும் சேர்த்துச் சுற்றி மூடும் வலையே சிறந்தது. இரு முனையிலும் கயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்ட நாடா இருக்க வேண்டும். நுழையும் இடத்தில் ஜிப் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள்.

2. அளவு: வலை தூளியைவிட நீளமாக இருக்க வேண்டும். மேலே தனிக்கயிறு கட்டி அதில் வலையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். முழங்கையோ முழங்காலோ வலையில் பட்டால் அங்கே கொசு கடிக்கும்.

3. கண்: பழைய தபால் அட்டையில் ஒரு அங்குலச் சதுரம் வெட்டி வலைமேல் வைத்து எண்ணுங்கள். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 13 என 156 கண்களுக்குக் குறையக்கூடாது. கொசுவுக்கு இது போதும். மணல் ஈ போன்ற சிறு பூச்சிகளுக்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். ஆனால் காற்று குறையும். இதையும் சொல்லியே விற்க வேண்டும்.

4. நூல்: டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராம் கணக்கில். ஒரே வகை நூலில் எண் கூடினால் நூல் தடிமன். தோப்பில் முள்ளும் ஓலையும் படும் இடத்துக்கு மெல்லிய வலை நிற்காது. கரூரில் நெய்யப்படும் பாலிஎத்திலீன் வலைகள் இதற்கு ஏற்றவை.

5. மருந்து வலை: பூச்சிமருந்து ஏற்றிய நீடித்த வலைகள் சுமார் 20 சலவை, 3 ஆண்டு தாங்கும் வகையில் செய்யப்படுகின்றன. நிழலில் உலர்த்த வேண்டும். மருந்து மீனுக்கு நஞ்சு என்பதால் குளத்தில் அலசக்கூடாது. உறையில் மருந்தின் பெயர் இல்லாத வலையை மருந்து வலை என்று சொல்லி விற்காதீர்கள்.

6. உறை: 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, வெளிநாட்டுச் சரக்கெனில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். கொள்முதலின்போதே பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

அந்தத் தோப்புக்காரருக்கு வலையை மாற்றிக் கொடுத்தேன். லாபம் ஏதுமில்லை. ஆனால் இன்றும் அவர் வீட்டு மளிகை என் கடையில்தான்.