முளைக்கும்வரை தண்ணீர் வேண்டாம்

ஊட்டி மலர்க் கண்காட்சியில் டேலியாவைப் பார்த்து மயங்கியவர்களுக்கு மே மாதம்தான் அதன் பருவம் என்று மனத்தில் பதிந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் அந்தக் கணக்கு தலைகீழ். மே மாதம் இங்கே செடி வாடிக் கிழங்குக்குள் ஒடுங்கும் நேரம். கிழங்கை வசந்தத்தில் நடவேண்டும். முதல் பூவுக்கு ஏறத்தாழ 3 மாதம் ஆகும்.

மெல்பேர்னில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும்வரை நடலாம். தக்காளி நாற்றுக்கு மெல்பேர்ன் கப் நாளை, அதாவது நவம்பரின் முதல் செவ்வாயை, இங்குள்ளவர்கள் குறியாகச் சொல்வார்கள். டேலியாவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். சிட்னியில் செப்டம்பர் கடைசியிலேயே மண் சூடேறிவிடும். ஆனாலும் நவம்பர்வரை பொறுக்கச் சொல்வேன். முந்தி நட்டால் மொட்டு விரியும்போது ஜனவரி வெயில் வந்து இதழைக் கருக்கிவிடும். பிந்தி நட்டால் மார்ச், ஏப்ரலின் இதமான வெயிலில் பூ நின்று நிதானமாக மலரும்.

கிழங்கு வாங்கும்போது பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். கண் இருக்கிறதா என்று பாருங்கள். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். டேலியாவுக்கோ பழைய தண்டோடு கிழங்கு சேரும் கழுத்தருகே மட்டும்தான். அங்கே பச்சையாகவோ சிவப்பாகவோ சின்னப் புடைப்பு தெரியும். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்; சொல்லாமல் கொண்டுவந்தால் அபராதமும் உண்டு.

நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடம் தேவை. மேற்குச் சிட்னியில் என்றால் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் மூலை நல்லது. வென்ட்வொர்த்வில், பிளாக்டவுன் பக்கமும் மெல்பேர்னின் மேற்குப் புறநகர்களிலும் மண் களிமண். அங்கே குழி தோண்டி நட்டால் மழைநீர் தேங்கிக் கிழங்கு அழுகும். மக்கிய உரமும் ஜிப்சமும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டுங்கள். உரம், மண்கலவைப் பைகளைப் பிரிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். லெஜியோனெல்லா கிருமி பற்றிப் பையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்.

நடும்போது முதலில் கொம்பை ஊன்றுங்கள். உயர ரகங்களுக்கு ஒன்றரை மீட்டர் வேண்டும். பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். கொம்பை ஒட்டி 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழக் குழியில், கண் மேலே பார்க்கக் கிழங்கைக் கிடையாக வைத்து மூடுங்கள். செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் விடுங்கள்.

இனிமேல்தான் சோதனை. தண்ணீர் ஊற்றாதீர்கள். மண் புழுதியாகக் காய்ந்திருந்தால் நடுவதற்கு முன்பே நனைத்துவிடுங்கள், அவ்வளவுதான். வேர் விடாத கிழங்கு ஈரத்தைக் குடிக்காது. அதில் கிடந்து ஊறி அழுகும். தினமும் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டே பழகிய நம்மவர்களுக்கு இந்த இரண்டு மூன்று வாரம் பெரிய விரதம். முளை தெரிந்ததும் விரதம் முடிந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வேர்வரை இறங்க நன்றாக ஊற்றுங்கள். இலைமேல் படாமல் ஊற்றினால் சிட்னியின் கோடைப் புழுக்கத்தில் வரும் இலைநோய்கள் குறையும்.

இளந்தளிர் என்றால் நத்தைக்குக் கொண்டாட்டம். இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே சிறந்த வழி. நத்தை மருந்து வீட்டு நாய்க்கு ஆபத்து.

மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக வளர்ந்து காற்றில் சாயும். கிள்ளிய செடி கிளைத்து நிறையப் பூக்கும். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலைதான் மிஞ்சும். மொட்டுக் காலத்தில் பொட்டாஷ் போதும்.

வாடிய பூவை உடனுக்குடன் நறுக்குங்கள். உருண்டையாக இருப்பது புது மொட்டு. கூம்பாக, கூராக இருப்பது முடிந்த பூ. ஜாடிக்கு வைக்க முழுதாக மலர்ந்ததையே காலையில் பறியுங்கள். வெட்டிய மொட்டு அநேகமாக விரியாது.

ஜூனில் தண்டு காய்ந்ததும் அடியில் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வடிகால் நல்ல மண்ணானால் கிழங்கு அங்கேயே கிடக்கட்டும். களிமண்ணில் கிளறி எடுத்து, லேசான ஈர மரத்தூளில் பொதிந்து நிழலில் வையுங்கள். ஆகஸ்ட் கடைசியில் கண் புடைக்கத் தொடங்கும்போது பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணும் பழைய தண்டின் ஒரு கீற்றும் ஒட்டியிருக்க வேண்டும்.